ஊர் கடந்து நடக்கும் திருமணமும் சாப்பாட்டுக் கணக்கும்

சொந்த ஊரில் திருமணம் வைத்தால், வந்தவர்கள் ஒரு வேளை சாப்பிட்டு வாழ்த்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய காலைக் காபியும், இரவு மாத்திரைக்கு முன்னால் வேண்டிய நாலு வாய் உணவும், நடுச்சாமத்துப் பசியும் நம் கவலையல்ல. எல்லோரையும் வேறோர் ஊருக்கோ தீவுக்கோ மலைக்கோ வரவழைத்து நடத்தும் திருமணத்தில் அந்தக் கவலை அத்தனையும் நம் தலைக்கு வந்துவிடுகிறது. ஏனென்றால் வந்தவருக்கு அங்கே அடுப்படி இல்லை, தெரிந்த கடை இல்லை, பல சமயம் வெளியே போக வண்டியும் இல்லை. என் அக்கா மகளின் திருமணம் கடற்கரை விடுதி ஒன்றில் நடந்தபோது சாப்பாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு நண்பர்கள் சிலரும் இதே விஷயத்தில் யோசனை கேட்டதால், தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் கட்சி இதுதான்: விருந்துக்கு ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள்; விருந்துக்கும் விருந்துக்கும் இடைப்பட்ட மணிநேரங்களைத்தான் யாரும் யோசிப்பதில்லை, திட்டம் தேவைப்படுவது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வந்து ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும் ஒரு விருந்தினரை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து இறங்கியதும் ஏதாவது குடிக்கவும் கொறிக்கவும் வேண்டும். பிறகு வரவேற்பு இரவு, மறுநாள் காலை உணவு, மதிய உணவு, சடங்குக்கு முன் ஒரு சிற்றுண்டி, திருமண விருந்து, ஆட்டம் பாட்டம் முடிந்தபின் பின்னிரவுத் தீனி, கிளம்பும் நாளின் காலை உணவு. ஆக எட்டு. நாம் மாதக்கணக்கில் பேசி, ருசி பார்த்து, இலையா தட்டா என்று சண்டை போடும் அந்தப் பெரிய விருந்து எட்டில் ஒன்று மட்டுமே. மற்ற ஏழில் எவை நம் செலவு, எவை விடுதி அறை வாடகைக்குள் அடக்கம், எவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியவை என்பதை அழைப்போடு சேர்த்தே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மதிய உணவு நம் செலவில் இல்லை என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதை மதியம் ஒன்றரை மணிக்கு, பசியோடு நிற்கும்போது தெரிந்துகொண்டால்தான் கோபம் வரும்.

இந்த எட்டில் மிகவும் ஏமாற்றக்கூடியது வந்து இறங்கும் வேளை. விமானமும் ரயிலும் நம் அட்டவணைப்படி வருவதில்லை. இரவு உணவு ஒன்பதரைக்கு முடிந்து அடுப்பு அணைக்கப்பட்ட பிறகு பதினொன்றே காலுக்குக் குழந்தைகளோடு ஒரு குடும்பம் வந்து சேரும். அவர்களுக்காகச் சமையலறையைத் திறந்து வைக்கச் சொன்னால் விடுதி தனிக் கட்டணம் கேட்கும். அதைவிட, வருகை நேரங்களை முன்கூட்டியே வாங்கி ஒரு தாளில் எழுதி, பின்னால் வருபவர்களின் அறைகளில் பழம், ரொட்டி, உறையிட்ட பிஸ்கட், தண்ணீர் ஆகியவற்றை முன்னதாகவே வைத்துவிடுவது சுலபம். அதே போல, திருமண நாள் காலையில் அலங்காரத்துக்காக நாலரை மணிக்கே எழுந்து உட்காரும் பெண்களுக்கு, ஏழு மணிக்குத் திறக்கும் உணவுக்கூடத்தால் எந்தப் பயனும் இல்லை. மணப்பெண் வெறும் வயிற்றோடு பிற்பகல் வரை நிற்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்களில் பார்த்திருக்கிறேன். மயக்கம் வந்த பிறகு குளிர்பானம் தேடி ஓடுவதற்குப் பதிலாக, கை அழுக்காகாமல் இரண்டு வாயில் முடியும்படியான உணவை அலங்கார அறைக்கே அனுப்பும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

வந்து சேர்ந்த அன்றைய வரவேற்பு இரவு உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கை வைப்பது இதில்தான். ஆனால் திருமண நாளில் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள் என்பதைத் தீர்மானிப்பதும் இதுவே. கெட்டுப்போன உணவு உடனே வயிற்றைப் புரட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி உணவில் உண்டாக்கும் நச்சு அப்படித்தான், அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். ஆனால் சால்மனெல்லா என்ற கிருமிக்கு ஆறு மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகலாம்; வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம். வெள்ளி இரவில் சாப்பிட்டது சனி மாலையில், சரியாகச் சடங்கு நேரத்தில், தன் பலனைக் காட்டும் என்று இதற்குப் பொருள். ஆகவே அந்த இரவில் வேகாத முட்டை சேர்ந்த குழைவுகளும், பச்சையான மீனும் சிப்பியும், திறந்த வெளியில் நெடுநேரம் கிடக்கும் வெட்டிய காய்கறிகளும் வேண்டாம் என்பது என் பிடிவாதம். சுடச்சுட வெந்த, எளிய, பயணக் களைப்புக்கு இதமான நாலைந்து வகை போதும். கைகழுவும் இடத்தில் சோப்பும் ஓடும் தண்ணீரும் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் வைக்கும் சானிடைசர் புட்டி பார்ப்பதற்கு அழகு, ஆனால் ஆல்கஹால் கலந்த அந்தத் திரவம் நோரோ வைரஸ் விஷயத்தில் சோப்புக்கு ஈடாகாது.

வெப்பநிலைக் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விதி எளிமையானது: சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழ், சமைத்த உணவு சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அந்த இரண்டு மணியை ஒரு மணியாகக் குறைத்துக்கொள்ளும்படி அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது. இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இடிக்கும். மீந்ததை மறுபடியும் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சும், சோற்றை ஆறவிட்டு அப்படியே வைத்திருந்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி உண்டாக்கும் வாந்தி நச்சும் சூட்டுக்கு அசைவதில்லை. கிருமி செத்தாலும் நச்சு அங்கேயே இருக்கும். சடங்கு ஒன்றரை மணி நேரம் தாமதமானால் மேசைமேல் இருக்கும் உணவுக்கு என்ன ஆகும் என்று சமையல் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டு வைக்க வேண்டும். “அடுப்பிலேயே வைத்திருந்து, நீங்கள் சொன்ன பிறகு பத்து நிமிடத்தில் எடுத்து வைப்போம்” என்று சொல்பவரை நம்பலாம். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்” என்று சொல்பவரிடம் அதே கேள்வியை இரண்டாவது முறையும் கேட்க வேண்டும்.

ருசி பார்க்கப் போகும் நாளில் பெரும்பாலும் நடப்பது இது: ஆறு பேருக்காகத் தனியாகச் சமைத்து, அழகான தட்டில் வைத்து, அடுப்பிலிருந்து மேசைக்கு இரண்டு நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறார்கள்; நாமும் பிரமாதம் என்று தலையாட்டிவிட்டு வருகிறோம். திருமணத்தன்று அதே உணவு மூடி போட்ட பஃபே பாத்திரத்தில் முக்கால் மணி நேரம் வெந்நீர் ஆவியில் கிடந்த பிறகுதான் நம் தட்டுக்கு வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. அக்கா மகளின் திருமணத்துக்கு ருசி பார்த்தபோது, சாப்பிட்டு முடித்த கையோடு ஒவ்வொன்றிலும் ஒரு பங்கை அதே பாத்திரத்தில் போட்டு மூடச் சொன்னேன். கணக்கு வழக்கெல்லாம் பேசிவிட்டு நாற்பது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தோம். மீன் துண்டுகளின் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தது. கிரீம் சேர்த்த குழம்பின் மேல் ஆடை படிந்து, எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. மொறுமொறுவென்று இருந்த வறுவல் ஆவி பட்டுத் துணிபோல் தொய்ந்திருந்தது. பருப்பும் காய்கறிக் கூட்டும் மட்டும் முன்னைவிடச் சுவையாக இருந்தன. தலைமைச் சமையல்காரர் கரண்டியால் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தவர், நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே மீனையும் வறுவலையும் பட்டியலிலிருந்து எடுத்து, கண்ணெதிரே சுட்டுத் தரும் அடுப்புக்கு மாற்றிவிட்டார். நல்ல சமையல்காரருக்கு இது அவமானமாகப் படுவதில்லை. மூடி வைத்துத் தாங்கும் உணவு எது, தாங்காத உணவு எது என்று பிரித்துக்கொண்டாலே பாதிப் பட்டியல் தானாக அமைந்துவிடும்.

பஃபே வரிசையின் நீளத்தையும் எளிய கணக்கால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஒருவர் பின் ஒருவராகத் தட்டை நிரப்பிக்கொண்டு நகர்கையில், வரிசையின் முனையில் இருபது விநாடிக்கு ஒருவர் வெளியேறுவதாக வைத்தால், 150 பேருக்கு 50 நிமிடம் ஆகும். கடைசியில் நிற்பவர் உட்காரும்போது முதலில் எடுத்தவர் கை கழுவியிருப்பார். மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் நடுவில் போட்டு இருபுறமும் எடுக்கவிட்டால் அது 25 நிமிடமாகிறது. பானங்களை அந்த மேசையிலிருந்து அடியோடு விலக்கிவிட வேண்டும், ஏனெனில் வரிசையை அடைத்து நிற்பவர்களில் பெரும்பாலோர் குவளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பவர்கள். பெரியவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் வரிசையிலேயே நிறுத்தாமல் இருந்த இடத்தில் பரிமாறிவிடலாம்.

இடத்தின் குணத்தையும் உணவுப் பட்டியல் மதிக்க வேண்டும். கடற்கரையில் காற்று அடுப்புச் சுடரைச் சாய்க்கும், பஃபே பாத்திரத்துக்கு அடியில் எரியும் சிறு விளக்குகளை அணைத்துவிடும், மணலைப் பந்தலுக்குள் வாரிக்கொண்டு வரும். ஈரப்பதம் அப்பள வகையறாக்களை அரை மணியில் நமத்துப்போகச் செய்யும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடுவதால், வெண்ணெய்க் கிரீம் பூசிய மூன்றடுக்குக் கேக்கை வெயிலில் வைத்துப் படமெடுக்க ஆசைப்படுவது வீண். மலையில் சங்கடம் வேறு விதம். 2,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சோறும் பயறும் வேகக் கூடுதல் நேரம் எடுக்கும், அந்த ஊர்ச் சமையல்காரருக்கு அது பழக்கம், நாம் இங்கிருந்து அழைத்துப் போகும் சமையல்காரருக்குப் பழக்கமிருக்காது. குளிர்ப் பிரதேசத்தில் சிறு அடுப்புகளுக்கான பியூட்டேன் வாயுக் குப்பிகளும் கைவிடும், ஏனென்றால் அந்த வாயு பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் ஆவியாக மறுக்கிறது. இவற்றையெல்லாம் யோசித்தால், நம் ஆட்களைக் கூட்டிப் போவதைவிட அந்த இடத்தில் ஏற்கெனவே அடுப்பு மூட்டிப் பழகியவர்களிடம், அந்தப் பருவத்தில் அங்கே விளைவதைக் கொண்டு சமைக்கச் சொல்வதே மேல் என்பது என் எண்ணம். வீட்டுச் சுவை இல்லாமல் தீராது என்றால் ஒரே ஒரு பதார்த்தத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அளவோடு எழுதிக் கொடுத்து, ருசி பார்க்கும் நாளிலேயே செய்யவைத்துப் பார்த்துவிடலாம்.

வீட்டிலிருந்து இனிப்புகள் செய்து பெட்டியில் எடுத்துப்போகும் எண்ணம் இருப்பவர்கள், எல்லை தாண்டும் பயணமானால் முதலில் அந்த நாட்டுச் சுங்க விதிகளைப் படிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து வரும் பயணி இறைச்சியும் பாலும் பால் சேர்ந்த பெரும்பாலான பொருள்களும் கொண்டுவர பொதுவாக அனுமதியில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் உணவுப்பொருள் எதுவானாலும் அறிவித்தாக வேண்டும். மது விஷயத்திலும் விமானத்துக்கென்று அளவு உண்டு: 24 முதல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள புட்டிகள் தலைக்கு 5 லிட்டர்தான், 70 சதவீதத்துக்கு மேற்பட்டது கூடவே கூடாது. வரியில்லாமல் உள்ளே விடும் அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இனி குடிக்கும் பானங்களுக்கு வருகிறேன். முதலில் தண்ணீர், அதைத்தான் எல்லோரும் கடைசியில் யோசிக்கிறார்கள். உணவிலிருந்து கிடைப்பதையும் சேர்த்து, பெண்களுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டரும் ஆண்களுக்கு 2.5 லிட்டரும் போதுமான நீர் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் அளவு மிதமான தட்பவெப்பத்துக்கு உரியது; வெயிலில் பட்டாடை அணிந்து நிற்பவர்களுக்கு அது பற்றாது. திறந்தவெளிச் சடங்கு என்றால் சடங்குக்கு மட்டுமே தலைக்கு அரை லிட்டர் என்று தனியாக ஒதுக்கி, நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும்படி வைக்க வேண்டும். ஐஸ் அடுத்தது. வெயில் ஊரில் தலைக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 150 பேருக்கு 110 கிலோவுக்கு மேல் போகிறது. விடுதியின் இயந்திரம் அவ்வளவையும் ஒரே மாலையில் தந்துவிடாது, வெளியில் சொல்லிவைத்தாக வேண்டும். உறைவதால் கிருமி சாவதில்லை என்பதால், குடிநீராகத் தகுதியில்லாத தண்ணீரில் செய்த ஐஸ் குவளைக்குள் போகக் கூடாது. புட்டிகளைக் குளிரவைக்கும் ஐஸ் வேறு, குவளையில் போடும் ஐஸ் வேறு. கண்ணாடிக் குவளையாலேயே ஐஸை அள்ளும் பழக்கமுள்ள பணியாளர்களிடம் கரண்டியைக் கொடுத்துவிடுங்கள். குவளையின் விளிம்பு உடைந்து ஐஸுக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, தொட்டி முழுவதையும் கொட்டிவிட்டுக் கழுவி நிரப்ப வேண்டியதுதான்.

மது பரிமாறுவதா வேண்டாமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. பரிமாறுவதானால், விருந்து நடத்துபவர்கள் சொல்லும் கணக்கு முதல் மணி நேரத்துக்குத் தலைக்கு இரண்டு கோப்பை, பிறகு மணிக்கு ஒன்று. குடிப்பவர்கள் 100 பேர், நேரம் 5 மணி என்றால் 600 கோப்பை. அதில் பாதி வைன் என்று கொண்டால் 300 கோப்பை. 750 மில்லி புட்டியில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை வருவதால் 60 புட்டி. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக 180 பீர். மிச்சம் 120 கோப்பை விஸ்கி போன்ற கடும் மது; அதை 45 மில்லி வீதம் புட்டிக்கு 16 என்று பார்த்தால் எட்டுப் புட்டி. கணக்கு கணக்காக இருக்கட்டும், நம் வீட்டு ஆட்களை நமக்குத் தெரியாதா என்று கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். சட்டத்தை மட்டும் அப்படி வளைக்க முடியாது. மது அருந்தும் குறைந்தபட்ச வயது அமெரிக்காவில் 21, ஜப்பானில் 20, ஜெர்மனியில் பீருக்கும் வைனுக்கும் 16. திறந்த வெளியில் பரிமாற அனுமதி தேவையா, இரவு எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், நாம் வாங்கிவரும் புட்டிக்குக் கார்க்கேஜ் கட்டணம் எவ்வளவு என்பவற்றை விடுதியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறைகளுக்குத் திரும்ப வண்டி வேண்டியிருந்தால் அந்த ஏற்பாடும் பானக் கணக்கோடு சேர்ந்ததுதான்.

குடிக்காதவர்களை நடத்தும் விதத்தில்தான் எனக்கு நெடுநாள் மனக்குறை. வைன் அட்டை நாலு பக்கம் இருக்கும். குடிக்காதவருக்கோ டப்பாப் பழரசமும் சோடாவும். கர்ப்பிணிகளும், மருந்து எடுப்பவர்களும், குழந்தைகளும், கொள்கையாகவே தொடாதவர்களும் சேர்ந்தால் பல திருமணங்களில் அவர்களே பெரும்பான்மை. மூன்று நான்கு மாக்டெயிலையாவது, அதாவது மது சேராத கலவைப் பானங்களையாவது, அதே கண்ணாடிக் குவளையில், அதே தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்ட வேண்டும். சர்க்கரை சேர்க்காதது ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும்.

ஒவ்வாமை பற்றிய கேள்வியை “சைவமா அசைவமா” என்ற கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. எது ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் கேட்க வேண்டும். வயிறு உப்புசத்துக்கும் மூச்சடைப்புக்கும் வித்தியாசம் உண்டு. உணவுப் பொட்டலத்தில் அறிவித்தாக வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 14, அமெரிக்காவில் 2023-இல் எள் சேர்ந்த பிறகு 9. ஆகவே தன் ஊரில் லேபிளைப் பார்த்தே பழகியவர் வேறொரு நாட்டில் அதை அப்படியே நம்பிவிட முடியாது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒவ்வாதவருக்கு, கோதுமை மாவில் தோய்த்த பண்டம் பொரித்த அதே எண்ணெயில் உருளைக்கிழங்கைப் பொரித்துக் கொடுத்தால் அதுவும் ஆபத்துதான். அந்த ஊர் மொழியில் அவர்களுக்கான ஒரு சீட்டை எழுதிச் சமையலறையில் ஒன்றும், அவர்கள் கையில் ஒன்றும் கொடுத்துவிடுவது நல்லது. எங்கள் பெரியம்மாவுக்கு ஒவ்வாமை எதுவும் இல்லை; விடியற்காலை ஐந்து மணிக்கு மாத்திரை போட வெந்நீர் மட்டும் வேண்டும். அறையில் ஒரு மின்கெட்டிலை வைத்ததும் “இது போதும் கண்ணு, இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்” என்றார். அடுத்த இரண்டு நாளும் பக்கத்து அறைப் பாட்டிகள் எல்லோருக்கும் அங்கிருந்துதான் வெந்நீர் போனது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை சில. குறைந்தபட்ச உணவுச் செலவு என்று ஒரு தொகை இருக்கும், அதற்குக் குறைவாகச் சாப்பிட்டாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்; அந்தத் தொகையில் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கமா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் அடங்காது. தலைக்கணக்கை உறுதிசெய்யும் நாளுக்குப் பின் எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்க முடியாது என்பதால், சந்தேகத்தில் இருப்பவர்களை அந்த நாளுக்குள் தொலைபேசியில் பிடித்து ஆமா இல்லையா என்று கேட்டுவிட வேண்டும். புகைப்படக்காரர், இசைக் கலைஞர்கள், ஒப்பனைக்காரர், வண்டி ஓட்டுநர்கள் ஆகியோருக்கும் தட்டு உண்டு. அவர்களும் வெளியூரில் நம்மை நம்பித்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய சாப்பாட்டை விருந்து தொடங்குவதற்கு முன்பே முடித்துவிட்டால் படமும் பாட்டும் நன்றாக வரும்.

கிளம்பும் நாளில் விடிவதற்கு முன் போகிறவர்களுக்கு உணவுப் பொட்டலம் வேண்டும். அதை முந்தைய இரவு பத்து மணிக்குக் கட்டி வைக்காமல், ஊசிப்போகாத பண்டமாகவோ அதிகாலையில் செய்ததாகவோ இருக்கும்படி சொல்லி வையுங்கள். திறக்காத புட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்கியிருந்தால், சீல் கலையாமலும் ஐஸ் தண்ணீரில் லேபிள் ஊறாமலும் இருப்பவற்றை விருந்து முடிந்த இரவே எண்ணிப் பூட்டிவிட வேண்டும், மறுநாள் காலையில் அந்த எண்ணிக்கை இருக்காது. கணக்குச் சீட்டை விடுதிக்காரரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பார்க்கும் வேலையை மணமக்களிடம் விடாமல், நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு மாமாவிடமோ சித்தியிடமோ கொடுத்துவிடலாம்.